சிறையிருப்பும் மீட்சியும்: எபிரேய மறைநூலின் வீடுதிரும்பல் தமிழில் பெற்ற பொருள்

ஆய்வுச் சுருக்கம்

பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதா மக்களின் நாடுதிரும்பலைத் தமிழ் விவிலியம் ‘சிறையிருப்பு’ என்னும் சொல்லைக் கொண்டே பெரிதும் விளக்குகின்றது. எபிரேய மூலத்தில் வேறுவேறான சொற்கள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயின. அதன் விளைவாக, திரும்புதல் என்பது கதவு திறந்து வெளிவரும் ஒருகண நிகழ்ச்சியாகத் தோற்றம் பெற்றது. நிலத்தோடும் மரபோடும் பிணைந்து நீண்டகாலம் நடைபெறும் செயலாக அது மூலத்தில் இருப்பது மறைந்தது. இக்கட்டுரை அச்சொல்லாட்சியை ஆராய்ந்து, தமிழின் ‘மீள் – மீட்பு – மீட்சி’ என்னும் சொற்குடும்பமே மூலத்திற்கு நெருக்கமானது என நிறுவ முற்படுகின்றது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ‘தாயகம் திரும்பிய’ மலையகத் தமிழரின் வரலாறும் செங்கல்பட்டு வட்டாரத்தின் பஞ்சமி நில வரலாறும் இவ்வாய்வுக்கு ஒப்புநோக்குத் தளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறையிருப்பு, மீட்சி, விவிலிய மொழிபெயர்ப்பு, தாயகம் திரும்பியோர், பஞ்சமி நிலம்.

முன்னுரை

எருசலேம் கி.மு. 597இலும் 586இலும் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. அரசரும் குருக்களும் கைவினைஞரும் உள்ளிட்ட ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னர் கோரேசு, அடுத்த ஆண்டில் அவர்கள் திரும்பிச் செல்ல இசைவளித்தார் என எஸ்றா நூல் கூறுகின்றது. எபிரேய மறைநூலின் பெரும்பகுதி இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலோ, இவற்றின் நிழலிலோ தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்தாகும். யூத மரபின் நூல்வரிசையில் மறைநூல் முழுவதும் நிறைவுறுவதே கோரேசின் அறிவிப்பில்தான் (2 நாளாகமம் 36:23). விருப்பமுள்ளவர் ‘ஏறிப் போகட்டும்’ என்னும் கருத்துடைய வியங்கோள் வினையோடு நூல் நின்றுவிடுகின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்பது சொல்லப்படவில்லை. தமிழ் விவிலியம் கிறித்தவ நூல்வரிசையைப் பின்பற்றுவதால் மலாக்கியில் முடிகின்றது. ஆகவே திரும்புதல் முற்றுப்பெறாத வினையாக நிற்கும் அந்த இறுதி, தமிழ் வாசகருக்கு வாய்க்கவில்லை. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று, நூல்வரிசையின் விளைவு. எனினும் சொல் தேர்வின் விளைவாக நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது.

யோபு எந்தச் சிறையில் இருந்தார்?

திரும்புதலைக் குறிக்கும் எபிரேய வினை ‘ஷூவ்’ என்பது. மறைநூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இவ்வினை, வழி திரும்புதலையும் ஊர் திரும்புதலையும் மனம் திரும்புதலையும் ஒருங்கே குறிக்கும். தமிழின் ‘திரும்பு’ என்னும் வினையும் இம்மூன்றையும் தாங்கவல்லது. ‘மனந்திரும்புதல்’ என்னும் கிறித்தவத் தமிழ்ச் சொல்லாக்கம் இதன் நற்பேறான விளைவு என்பதை மறுப்பதற்கில்லை.

சிக்கல் ‘ஷூவ் ஷெவூத்’ என்னும் தொடரில் தொடங்குகின்றது. ‘ஷெவூத்’ என்னும் பெயரை, ‘சிறைபிடி’ என்னும் பொருள் தரும் ‘ஷாவா’ என்னும் வேரிலிருந்து பிறந்ததாகக் கொண்டால், ‘சிறைப்பட்ட நிலையைத் திருப்புதல்’ எனப் பொருள் கிடைக்கும். ‘ஷூவ்’ என்னும் வேரிலிருந்தே பிறந்ததாகக் கொண்டால், பாட்டுப் பாடுதல், ஆட்டம் ஆடுதல் என்பன போல வினையும் அதன் தொழிற்பெயரும் இணைந்த தொடராகி, ‘பழைய நிலைக்கு மீண்டும் கொண்டுவருதல்’ எனப் பொருள்படும். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு பல இடங்களில் முதற்பொருளையே தழுவியது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. எபிரேயப் படிகளிலும் இப்பெயர் ‘ஷெவூத்’ எனவும் ‘ஷெவீத்’ எனவும் மாறிமாறி எழுதப்பட்டிருப்பது, மூலப்பாடத்தைப் பேணியோருக்கே இச்சொல்லின் வேர் ஐயத்துக்கு இடமாயிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

இந்த ஐயத்தைத் தீர்க்கப் பெரிதும் துணைநிற்பது சிரியாவின் செஃபிரே என்னும் இடத்தில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டின் அரமேயக் கல்வெட்டு. தெய்வங்கள் ஒரு மன்னர் குலத்தின் பழைய நிலையை மீண்டும் நிறுவியதைக் கூறுமிடத்தில், இத்தொடரின் அரமேய இணை அங்கே ஆளப்பட்டுள்ளது. கல்வெட்டைக் காணாதவருக்கும் மறைநூலுக்குள்ளேயே போதிய சான்று உண்டு. யோபு தம் நண்பர்களுக்காக மன்றாடியபோது இறைவன் அவருடைய ‘ஷெவூத்’தைத் திருப்பினார் என்கிறது எபிரேய மூலம் (யோபு 42:10). ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘சிறையிருப்பு’ என்றே எழுதுகின்றது. யோபு செல்வத்தை இழந்தார், மக்களை இழந்தார், உடல்நலத்தை இழந்து சாம்பலில் உட்கார்ந்தார். ஆனால் நூலின் நாற்பத்திரண்டு அதிகாரங்களில் எந்த ஓரிடத்திலும் அவர் சிறைப்பட்டதாக இல்லை. எசேக்கியேல் நூல் இதே தொடரைச் சோதோம் நகருக்கும் வழங்குகின்றது (16:53). சோதோம் எரிந்து அழிந்த நகரம். அதன் அழிவு சிறைபிடிப்பால் நேர்ந்ததன்று. தமிழ் அங்கேயும் அவர்களைச் சிறையில் வைக்கின்றது.

எல்லா இடத்திலும் இச்சொல் பிழையானது என்பதன்று இவ்வாய்வின் வாதம். எரேமியா 29:14 போன்ற பகுதிகளில் அத்தொடர், சிதறியோரைக் கூட்டிச் சேர்ப்பதையே சொல்கின்றது. அங்கே சிறைப்பட்டமையை நினைவூட்டும் சொல் முற்றிலும் பொருந்தாதது எனக் கூறவியலாது. ஆயினும் எஸ்றா, நெகேமியா நூல்களில் நாடுபெயர்ந்த கூட்டத்தைக் குறிக்கும் ‘கோலா’, போரில் பிடிபட்டோரைக் குறிக்கும் ‘ஷெவி’, பழைய நிலைக்கு மீளலைக் குறிக்கும் ‘ஷெவூத்’ என்னும் மூன்றும் தமிழில் ஒரே சிறைக்குள் வந்து சேர்ந்தன என்பதே கவனத்திற்குரியது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, திருப்பாடல் 126இல் ‘அடிமை நிலை’ என்னும் வழக்கைக் கைக்கொண்டது. சிறையின் சுவர் அங்கே இல்லை. எனினும் விலங்கு எஞ்சுகின்றது. இதனை முழுமையான திருத்தமாகக் கொள்ள இயலவில்லை.

சிறையிருந்தவள்

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேரும்போது, அச்சொல் ஏற்கெனவே சுமந்துவரும் கதையையும் சேர்த்தே தேர்கின்றனர். தமிழ்ச் சமய மரபில் ‘சிறையிருத்தல்’ என்றவுடன் நினைவில் எழுபவள் சீதை. பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் இராமாயணத்தின் பெருமையையே ‘சிறையிருந்தவள்’ பெருமையாக எடுத்துரைத்தார். வைணவ உரை மரபு அச்சொல்லை மிக விரிவாக வளர்த்தெடுத்தது. அக்கதையில் சிறையிருந்தவள் குற்றமற்றவள். பிறர் பொருட்டுத் தானே துன்பம் ஏற்றவள். அவள் செய்யக்கூடியது காத்திருத்தல். விடுதலையோ கடல் கடந்து வரும் வீரனால் அமைவது. பகைவன் வீழ்ந்தவுடன் சிறை முடிகின்றது.

எபிரேய இறைவாக்கினர் கூறும் கதை இதனின்று முற்றிலும் வேறானது. அங்கே நாடிழந்தவர்கள் குற்றமற்றவர்களாகக் காட்டப்படவில்லை. ஏழைகளை வஞ்சித்ததும் உடன்படிக்கையை மீறியதுமே நாடிழந்தமைக்குக் காரணம் என எரேமியாவும் எசேக்கியேலும் அவர்களையே சாடுகின்றனர். மீட்க வருபவரோ வேற்றினத்து மன்னர். இலங்கையில் சீதை வீடு கட்டவில்லை, தோட்டம் போடவில்லை. பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய மடல் அவற்றைச் செய்யுமாறே பணிக்கின்றது.

ஆனால் இராமகதை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு மற்றொரு சொல்லையும் வைத்திருந்தது. கம்பராமாயண யுத்த காண்டத்தில், வனவாசமும் சிறைவாசமும் முடிந்து நாடு திரும்பும் பகுதிக்கு ‘மீட்சிப் படலம்’ என்று பெயர். ‘மீள்’ என்னும் வினை மீண்டான் எனத் தன்வினையாகவும் மீட்டான் எனப் பிறவினையாகவும் நிற்கும். திரும்புதலும் திரும்பச் செய்தலும் ஒரே வேரில் அமைவது, ‘ஷூவ்’ என்னும் எபிரேய வேரின் இயல்போடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றது. ‘மீட்சியை மீட்டல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால்கூட மூலத்தின் ஓசையமைதி ஓரளவு கிட்டும். இறையியலில் ‘மீட்பு’ ஏற்கெனவே இரட்சிப்பைக் குறிப்பதால் குழப்பம் நேரும் என ஒரு தடை எழுப்பப்படலாம். அக்குழப்பம் மூலத்திலும் உண்டு. நிலத்தை மீட்பதற்கும் இறைவன் மக்களை மீட்பதற்கும் எபிரேயம் வேறுவேறு வினைகளைத் தேடிச் செல்லவில்லை.

வீடும் தோட்டமும்

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் மடல், பாபிலோனில் வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் நட்டுக் கனி உண்ணவும் பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும் அந்நகரின் நலத்துக்காக வேண்டிக்கொள்ளவும் சொல்கின்றது. சிறையிருப்பு என்னும் சொல்லோடு இம்மடலைப் படிக்கும் தமிழ் வாசகர், சிறைக்குள் தோட்டம் எவ்வாறு போடுவது என்று தடுமாறுவது இயல்பே.

அங்கே தோட்டம் இருந்தது என்பதற்கு இன்று ஆப்பெழுத்துப் பலகைகளே சான்று. ‘ஆல்-யாகூது’, அதாவது ‘யூதா ஊர்’, என்னும் பாபிலோனியச் சிற்றூரோடு தொடர்புடைய களிமண் பலகைகளை லாரி பியர்சும் கொர்னேலியா வுன்ஷும் 2014இல் பதிப்பித்தனர். கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவற்றில் யூதாவிலிருந்து வந்தோரும் அவர்தம் வழியினரும் நிலம் உழுகின்றனர், பேரீச்சையும் வாற்கோதுமையும் வரியாகச் செலுத்துகின்றனர், கடன் வாங்குகின்றனர், சொத்தைப் பங்கிடுகின்றனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த நிப்பூர் நகரத்து முராசு குடும்ப ஆவணங்களிலும் யூதப் பெயர்கள் காணப்படுகின்றன. திரும்பிப்போக இசைவு கிடைத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவர்கள் அங்கேயே வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும். அவர்களுடைய நிலம் மன்னனுக்குரிய கடமைகளோடு கட்டப்பட்டிருந்தமையால் அதனை முழு உரிமை வாழ்வு எனக் கூறவும் இயலாது. ஆயின் அது சிறையன்று.

யூதா அரசர் யோயாக்கீன் உண்மையாகவே சிறையில் இருந்தார். முப்பத்தேழாம் ஆண்டில் அவர் சிறைச்சாலையிலிருந்து விடுவிக்கப்பட்டதை 2 அரசர்கள் 25:27 தனியாகக் குறிப்பிடுகின்றது. அங்கே எபிரேயம் ஆள்வதும் சிறைக்கூடத்துக்குரிய தனிச்சொல்லே. தமிழகத்திலும் இவ்வேறுபாடு நன்கு அறியப்பட்டதே. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தெற்கே இரண்டு நிலையங்கள் கடந்தால் வரும் செங்கல்பட்டில், வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் இலங்கைத் தமிழர் அடைத்துவைக்கப்பட்ட ‘சிறப்பு முகாம்’ பல்லாண்டுகள் இயங்கியது. வழக்கில் பிணை பெற்ற பின்னரும் வெளிவர முடியாமல் உண்ணாநோன்பு இருந்தவர்கள் அங்கு உண்டு. அது சிறையிருப்பு. பிற மாவட்டங்களின் திறந்த முகாம்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியும் கூலி வேலைக்குச் சென்றும் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்த குடும்பங்களின் நிலை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இரண்டுமே விளங்காமல் போகும்.

கோலாவின் மக்கள்

திரும்பி வந்தவர்களுள் மிகப்பலர், எண்ணிப் பார்த்தால், உண்மையில் ‘திரும்பி’ வந்தவர்கள் அல்லர். 586க்கும் 538க்கும் இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். பாபிலோனில் பிறந்து, எருசலேமைப் பெற்றோர் வாய்க்கேட்டு மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை முதன்முறையாக அங்கே சென்றது. அவர்கள் கண்டறியாத ஊருக்குச் சென்றதை ‘ஷூவ்’ எனக் கூறுவதில்தான் மறைநூலின் கருத்து வெளிப்படுகின்றது. திரும்பியது ஆள் அன்று, குலம்.

குலமே திரும்புகின்றதெனில் குலத்தை மெய்ப்பிக்க வேண்டும். எஸ்றா 2ஆம் அதிகாரம் 42,360 பேரைக் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் அடுக்குகின்றது. படிப்போர் பலரும் கடந்துபோகும் அப்பட்டியலின் நடுவே, தம் தந்தையர் குடும்பத்தை மெய்ப்பிக்க இயலாத 652 பேர் தனியாக நிற்கின்றனர். குருத்துவ மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சிலரின் பெயர்கள் ஏடுகளில் அகப்படாமையால், அவர்கள் தூய உணவை உண்ணலாகாது எனத் தடுக்கப்பட்டனர் (2:59–63). சீதை தீப்புகுந்து மெய்ப்பித்ததை இங்கே நினைவுகூரலாம். மீட்சி எனப் பெயர்பெற்றதும் ஒரு தேர்வுக்கு உட்பட்டே அமைகின்றது. ஆயின் எஸ்றாவில் கேட்கப்படுவது ஏடு, தீ அன்று.

மற்றொன்று: திரும்பியவர்கள் எருசலேமில் குடியமர்ந்து கோயிலையும் கட்டிமுடித்த பின்னரும் எஸ்றா நூல் அவர்களைக் ‘கோலாவின் மக்கள்’ என்றே அழைக்கின்றது (6:16, 10:7). நாடிழந்தமையே அவர்களின் பெயர் ஆகிவிட்டது. மேலும் அது பெருமைப் பெயராகவும் அதிகாரப் பெயராகவும் இருந்தது. நாட்டைவிட்டுச் செல்லாமல் அங்கேயே உழுதுகொண்டிருந்தவர்கள் ‘நாட்டு மக்கள்’ என ஒதுக்கப்பட்டனர். வேற்றுப் பெண்களோடு செய்த மணங்கள் முறிக்கப்பட்டன. கூட்டத்துக்கு மூன்று நாளில் வாராதவரின் உடைமை பறிக்கப்படும் என ஆணை பிறந்தது (10:8). திரும்புதலைப் பாடும் தமிழ்ச் சொற்பொழிவுகள் இப்பகுதியைத் தொடுவதே அரிது. திரும்பி வந்தவர்கள் மற்றவர்களுக்குச் செய்ததும் திரும்புதலின் பொருளில் அடங்கும். அதனை விலக்கிவிட்டு எஸ்றாவைப் படிப்பது நேர்மையான வாசிப்பாகாது.

ஒப்பாரிக் கோச்சி

கண்டறியாத தாயகத்துக்குத் ‘திரும்பிய’ தமிழர் அண்மை வரலாற்றில் உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டக் காலம் முதல் அங்கே வேரூன்றிய குடும்பங்களில் பிறந்தவர்கள் இவர்கள். எனினும் இந்திய அரசின் ஏடுகள் இவர்களுக்கு அளித்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச்சென்ற தொடர்வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மு. சிவலிங்கம் அதனையே தம் கதைக்குப் பெயராக்கினார். தாயகம் திரும்பும் வண்டிக்கு இழவு வீட்டின் பெயர். எஸ்றா 3:12–13இல் இரண்டாம் கோயிலின் அடித்தளம் இடப்பட்டபோது, முதற்கோயிலைக் கண்டிருந்த முதியோர் உரத்து அழுதனர். மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரித்தனர். அழுகை எது, ஆர்ப்பு எது எனப் பிரித்தறிய இயலவில்லை. இருபகுதிகளும் ஒப்புமையுடையன போலத் தோன்றினும் அழுகையின் திசை வேறு. எருசலேமின் முதியோர் வந்தடைந்த இடத்தின் சிறுமை கண்டு அழுதனர்; மலையகத்தார் விட்டுப்பிரியும் இடத்தை நோக்கி அழுதனர். எவரது அழுகை எந்த ஊரை வீடெனச் சுட்டுகின்றது என்பதே இவ்வொப்பீட்டில் கருதவேண்டியது. மறைநூல் பாபிலோனை விட்டுப் புறப்பட்டோரின் அழுகையைப் பதிவுசெய்யவில்லை. அங்கே தோட்டம் நட்டவர்களுள் ஒருவரேனும் அழுதிருக்க மாட்டாரா என்னும் வினாவை ஒப்பாரிக் கோச்சியே எஸ்றா நூலின்மேல் எழுப்புகின்றது.

இலங்கைக்குச் செல்லும் கூலிகளைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்வதற்கென இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமே, பின்னர்த் தாயகம் திரும்பியோருக்கு வரவேற்பு முகாமாயிற்று. கொள்ளுத்தாத்தா போன வாயிலும் கொள்ளுப்பேரன் வந்த வாயிலும் ஒன்று. அங்கே அவர்கள் கையில் தரப்பட்ட குடும்ப அட்டையே, எஸ்றா 2இன் வம்ச ஏடு போல, அவர்கள் யார் என்பதற்குச் சான்றாயிற்று. கடனும் வேலையும் அதன் வழியே கிடைத்தன. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் ஒரு பகுதியினருக்கு மீண்டும் தேயிலைக் கொழுந்தையே கையில் கொடுத்தது. இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டவர்கள் நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆயினர்.

இங்கேதான் எஸ்றாவோடுள்ள வேற்றுமை கூர்மைப்படுகின்றது. கோலா என்னும் பெயர் எருசலேமில் அதிகாரத்தைத் தந்தது. சிலோன்காரர் என்னும் பெயர் அதனைப் பறித்தது. மன்னனின் ஆணையும் கருவூலப் பாத்திரங்களும் கொண்டு வந்தவர்களின் திரும்புதலையும், இரும்புப் பெட்டியும் அட்டையும் கொண்டு வந்தவர்களின் திரும்புதலையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு: திரும்பியபின் நாடிழந்தமை முடிவதில்லை, பெயராக உறைகின்றது. மலையக வம்சாவளியினராயிருந்தும் 1983க்குப் பின் அகதிகளாக வந்தமையால் முகாம்களிலேயே தங்கிப்போனவர்கள், குடியுரிமை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகியதும், 2019 ஜூனில் அது அவர்களது கோரிக்கையை மைய அரசு கருத வேண்டுமெனக் கூறியதும் இதன் தொடர்ச்சியே. ஏட்டில் பெயர் அகப்படாத 652 பேரின் வழியில் நிற்பவர்கள் இவர்கள்.

காணியாட்சிக்குத் திரும்புதல்

சிறைக்கதவு திறந்ததும் கதை முடியும் எனில் நெகேமியா நூலுக்குத் தேவையே இல்லை. கோயில் கி.மு. 515இல் கட்டிமுடிக்கப்பட்டது; நெகேமியா வருவதோ மரபுவழிக் கணக்கின்படி 445இல். அப்போது எருசலேமில் அவர் கேட்பது பசித்தோரின் கூக்குரல். அரசவரி கட்டவும் தானியம் வாங்கவும் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் சொந்த இனத்தாரிடமே அடகுவைத்து, பிள்ளைகளை அடிமையாக்கி நிற்கின்றனர் மக்கள். நெகேமியா அவற்றை அன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்கின்றார் (5:1–13). அங்கே ஆளப்படும் வினையும் ‘ஷூவ்’ என்பதன் பிறவினை வடிவமே. மக்கள் நாட்டுக்குத் திரும்பிவிட்டனர். நிலம் மக்களுக்குத் திரும்பவில்லை. 9ஆம் அதிகாரத்தின் மன்றாட்டிலோ, தந்தையருக்குத் தரப்பட்ட நாட்டிலேயே தாம் இன்று அடிமைகளாய் இருப்பதாக அவர்கள் முறையிடுகின்றனர் (9:36). சிறையிருப்பு முடிந்தது எனத் தமிழ் எப்போதோ கூறிவிட்டமையால் இந்த முறையீடு நம் செவியில் முரணாக ஒலிக்கின்றது.

லேவியராகமம் 25 இக்கருத்தின் ஊற்றுக்கண். ஐம்பதாம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் காணியாட்சிக்குத் ‘திரும்ப’ வேண்டும். நிலம் அறுதியாய் விற்கப்படலாகாது. வறுமையால் விற்றவரின் நிலத்தை உறவினர் மீட்க இடமளிக்க வேண்டும். இங்கே 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘மீட்டுக்கொள்ளுதல்’ என்னும் சொல்லைச் சரியாகவே ஆண்டுள்ளது. நிலத்துக்கு மீட்பு எனக் கண்ட அதே மொழிபெயர்ப்பு, மக்களுக்கு மட்டும் சிறையிருப்பைத் திருப்புதல் எனப் பிரித்துவிட்டது. அப்பிரிவால், நிலம் மீள்வதும் மக்கள் மீள்வதும் ஒரே செயல் என்னும் எபிரேய நோக்கு அறுபட்டது. இம்மொழிபெயர்ப்பின் மிகப்பெரிய இழப்பாக நான் கருதுவது இதுவே.

அம்மொழிபெயர்ப்பு செங்கல்பட்டு வட்டாரத்தில் படிக்கப்பட்ட சூழலை எண்ணிப்பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையும் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படையாயின. அந்நிலம் ஒடுக்கப்பட்டோர் அல்லாத பிறருக்குச் செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு, நிலம் அறுதியாய் விற்கப்படலாகாது என்னும் லேவியராகம விதியோடு ஒப்பிடத்தக்கது. நோக்கத்தால் ஒன்றெனச் சொல்லவியலாவிடினும் பாதுகாப்பு முறையால் நெருங்கியது. இக்காலத்தை ஒட்டி, ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பை ஒடுக்கப்பட்டோருக்காக உருவாக்கினார். ஊரைவிட்டு ஒருநாளும் போகாமலே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் அங்கே கையில் எடுத்த மறைநூல், அவர்களது நிலையைச் சொல்ல வைத்திருந்த சொல் சிறையிருப்பு. உழுவதற்கு நிலம் தேடி வந்தவர்களுக்கு லேவியராகமத்தின் ‘மீட்டுக்கொள்ளுதல்’ அதனினும் அணுக்கமாக இருந்திருக்கும்.

பஞ்சமி நிலங்களுள் பெரும்பகுதி நாளடைவில் பிறர் கைக்குச் சென்றது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையின் பஞ்சமி நிலத்தைக் கோரி 1994இல் எழுந்த போராட்டம், அவ்வாண்டு அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரைக் கொண்டது. அப்போராட்டமும் அதனைத் தொடர்ந்து தமிழகமெங்கும் எழுந்த இயக்கங்களும் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘பஞ்சமி நில மீட்பு’. லேவியராகமம் 25:24இல் தமிழ் விவிலியம் ஆண்டுள்ளதும் அதே வேர்ச்சொல். யோபு 42:10இலும் திருப்பாடல் 126இலும் அவ்வேரையே ஆள்வதற்கு இனிவரும் திருத்தக் குழுவினருக்கு மொழியளவில் தடை ஏதுமில்லை. யோயாக்கீனுக்கு மட்டும் சிறை இருக்கட்டும்.